மூன்றாம் நம்பர் அழுத நாள்

குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்து போன் எடுப்பார்கள். கூப்பிடுகிறவர்களிடம் சொந்தப் பெயரைச் சொல்லக்கூடாது, இருக்கை எண்ணைத்தான் சொல்ல வேண்டும் என்பது அங்கே விதி. அதனால் அவள் பதினாறு வருஷமாக மூன்றாம் நம்பர். "வணக்கம், மூன்றாம் நம்பர் பேசுகிறேன்" என்று ஒரு நாளைக்கு எண்பது தடவையாவது சொல்லிவிடுவாள். நாளடைவில் அலுவலகத்துக்குள்ளும் அதுவே நிலைத்துவிட்டது. "மூணாம் நம்பர் டீ குடிச்சாச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

நான்காம் நம்பருக்கு மட்டும் விதிவிலக்கு. அவள் மேஜையில் போனுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு தைலப் புட்டி இருக்கும். தலைவலிக்கும் தைலம், கழுத்து வலிக்கும் தைலம், மேலதிகாரி திட்டினாலும் தைலம். எல்லோருக்கும் அவள் தைலம் அக்கா.

மூன்றாம் நம்பருக்கு நாற்பத்து மூன்று வயது. கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லை என்பதைவிட, தள்ளிப் போய்க்கொண்டே இருந்து ஒருநாள் அந்தப் பேச்சே நின்றுவிட்டது என்பது சரி. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் பேச்சும் போனபோது அவளுக்கு முப்பத்து நான்கு. அப்பா ஏற்கனவே இல்லை. அண்ணன் விமானத்தில் போக வேண்டிய தூரத்தில் வேலையிலும் குடும்பத்திலும் இருந்தார். மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. அதில் அம்மாவும் அவளும் ஒன்பது வருஷம்.

காலை நாலரைக்கு எழுந்து அம்மாவைப் புரட்டிப் படுக்க வைப்பாள். முதுகில் புண் வராமல் பவுடர் போட வேண்டும், விரிப்பு மாற்ற வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், கரண்டி கரண்டியாக ஊட்ட வேண்டும். ஒன்பது மணிக்கு, பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் ஆயா வந்தவுடன் பஸ்ஸுக்கு ஓடுவாள். பகல் பூராவும் முகம் தெரியாதவர்களுடன் பேச்சு. வீட்டுக்கு வந்தால் பேச முடியாத அம்மா. அந்த ஒன்பது வருஷத்தில் யாருடனாவது முகத்தைப் பார்த்து நிதானமாகப் பேசினாளா என்று கேட்டால், அவளே யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

அம்மா போன அன்று அவள் அழவில்லை. வரவில்லை, அவ்வளவுதான். வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள், அண்ணியின் பையை எங்கே வைத்தோம் என்று தேடிக் கொடுத்தாள். சித்தி மட்டும் கதவோரம் நின்று யாரிடமோ, "கல்லு மாதிரி நிக்கிறா பாரு" என்றது காதில் விழுந்தது. அண்ணன் நாலு நாள் இருந்துவிட்டு, "எதுவும் வேணும்னா போன் பண்ணு" என்று சொல்லிக் கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே கூப்பிடுவார். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." "உடம்பு?" "நல்லா இருக்கு." அதோடு அண்ணி கூப்பிடும் சத்தம் கேட்கும்.

மற்றவர்களுக்குத் துக்கம் ராத்திரியில் வரும் என்பார்கள். அவளுக்குக் காலைதான் பிரச்சினை. உடம்பு நாலரைக்கு எழுந்துவிடும். எழுந்தால் செய்ய ஒன்றும் இல்லை. வீட்டைப் பெருக்கினாள். பெருக்கிய வீட்டை மறுபடியும் பெருக்கினாள். ஒருநாள் ஐந்தரை மணிக்கு ஜன்னல் திரைகளைக் கழற்றி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது, இது சரியில்லை என்று அவளுக்கே பட்டது.

பஸ் போகும் வழியில் ஒரு தொழிற்பயிற்சிக் கூடம் இருந்தது. வேலைக்குப் போகிறவர்களுக்குப் பகுதிநேர வகுப்புகள் என்று வாசலில் தட்டி. மறுநாளே இறங்கி உள்ளே போனாள். மேஜைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா தலை நிமிராமல் கேட்டார்.

"எந்த வகுப்பு?"

"காலையில ஆறு மணிக்கு எது இருக்கோ அது."

குமாஸ்தா இப்போது நிமிர்ந்து பார்த்தார். "தையல் சாயங்காலம். கம்ப்யூட்டர் சாயங்காலம். ஏசி ரிப்பேர் ஞாயித்துக்கிழமை. காலை ஆறு மணிக்கு வெல்டிங் மட்டும்தான்."

"அப்ப அதையே எழுதிக்கோங்க."

"உங்களுக்கா, பையனுக்கா?"

"எனக்குத்தான்."

அவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் மனசு மாறுவதற்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். மாறவில்லை. எழுதிக்கொண்டார்.

கூடத்தின் பின்பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. அதற்குள் தடுப்புகள், தடுப்புக்குத் தடுப்பு கனமான சிவப்புத் திரை. சொல்லிக்கொடுக்கும் மாஸ்டருக்கு அவளைவிடப் பன்னிரண்டு வயதாவது குறைவாக இருக்கும். வீட்டில் மூன்று மாதக் குழந்தை, ராத்திரி தூக்கமில்லை. கொட்டாவி விட்டுக்கொண்டேதான் பாடம் நடத்துவான். வகுப்பில் அவளைத் தவிர மூன்று பேர். தொலைதூர ஓட்டம் வேண்டாம் என்று தொழிலை மாற்றப் பார்க்கும் லாரி டிரைவர் ஒருவர். மற்ற இருவரும் நண்பர்கள். சேர்ந்து வருவார்கள், சேர்ந்து போவார்கள், தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்வார்கள்.

"அக்கா, நைலான் துணி ஆகாது. பொறி பட்டா உருகித் தோல்ல ஒட்டிக்கும்" என்று மாஸ்டர் முதல் நாளே சொல்லிவிட்டான். தடித்த பருத்தி பேன்ட்டும் முழுக்கைச் சட்டையும் வாங்கப் போனாள். ஆண்கள் பகுதியில்தான் கிடைத்தது. கடைக்காரர், "சார் என்ன அளவு இருப்பாரு?" என்று கேட்டார். "என் அளவுதான் இருப்பாரு" என்றாள்.

வெல்டிங் என்றால் நெருப்பைக் காட்டி ஒட்டுவது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அப்படி இல்லை. மின்சாரம் ஓடும் வெல்டிங் குச்சியைத் தகட்டில் உரசியவுடன் சட்டென்று அரைக்கால் அங்குலம் தூக்கிவிட வேண்டும். அந்த இடைவெளியில்தான் வெளிச்சம் பிறக்கும். தூக்காவிட்டால் குச்சி தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதிகம் தூக்கினால் அணைந்துவிடும். முதல் வாரம் முழுக்க ஒட்டிக்கொண்டது. ஒட்டிய குச்சி பழுக்கக் காய்ந்து சிவக்கும், இயந்திரம் உறுமும், மாஸ்டர் கொட்டாவியோடு வந்து பிடியைத் திருகிப் பிடுங்குவான்.

"தீக்குச்சி கொளுத்துற மாதிரி உரசுங்க அக்கா. நீங்க கையெழுத்துப் போடுற மாதிரி அமுக்குறீங்க."

இரண்டாவது வாரம் குச்சி ஒட்டவில்லை. ஆனால் தகட்டில் விழுந்தது ஒரு கோடாக இல்லை, சொட்டுச் சொட்டாக அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தது. மாஸ்டர் மேலே படிந்த கசடைச் சுத்தியலால் தட்டி எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தான்.

"இது காக்கா எச்சம்."

அவளும் குனிந்து பார்த்தாள்.

"போன வாரம் கொசு கடிச்ச மாதிரி இருந்துச்சு. முன்னேற்றம்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த தடுப்புக்குப் போனான்.

அவளுக்குப் பிடித்துப்போனது வெல்டிங் இல்லை, கறுப்புக் கண்ணாடி வைத்த அந்த முகக்கவசம். அதை இறக்கினால் உலகம் முழுக்கக் கறுப்பு. தன் மூச்சு தன் காதிலேயே மோதும். குச்சி பற்றியதும் நடுவில் பட்டாணி அளவு பச்சை வெளிச்சம், அதற்குள் உருகி நகரும் ஒரு சிறு குழம்பு. அந்தக் கறுப்புக்குள் அவளும் அந்தக் குழம்பும் மட்டும்தான். வீட்டில் இருக்கும் தனிமைக்கு இரண்டு அறை, ஒரு சமையலறை, பால்கனி என்று பரப்பளவு இருந்தது. எங்கே திரும்பினாலும் இடித்தது. இந்தத் தனிமை ஒரு முகத்தின் அளவுதான். அதற்குள் அடங்கிவிட முடிந்தது.

எட்டு மணிக்குக் கழிப்பறையில் உடை மாற்றிக்கொண்டு அலுவலகத்துக்குப் பஸ் ஏறுவாள். இதை அவள் மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. தலைமுடியில் கருகல் வாசனை வீசத்தான் செய்தது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது தைலம் அக்கா. அந்த மூக்குக்கு உலகத்தில் ஒரே ஒரு வாசனைதான் எட்டும்.

ஐந்தாவது வாரம் இரண்டு தகடுகளைச் சேர்த்து ஒட்டும் பாடம் வந்தது. இங்கேதான் அவள் ஒரு தப்புச் செய்தாள். கவசத்தை இறக்கிவிட்டால் தகடு தெரியாது. குச்சியை எந்த இடத்தில் வைக்க வேண்டுமோ அதற்கு அரை அங்குலம் தள்ளித்தான் போய் நிற்கும். அதனால் முதலில் வெறுங்கண்ணால் பார்த்து உரசிவிட்டு, பற்றிய பிறகு கவசத்தைத் தட்டி இறக்கினாள். கண் சிமிட்டும் நேரம்தானே என்று நினைத்தாள். கோடு முதல் தடவையாக நேராக வந்தது. சந்தோஷத்தில் அன்று காலை இருபது தடவையாவது அப்படிச் செய்திருப்பாள். மாஸ்டர் அந்தப் பக்கம் லாரிக்காரரோடு இருந்தான், பார்க்கவில்லை.

கண்ணில் பட்ட அந்த வெளிச்சம் உடனே வேலையைக் காட்டாது. ஏழெட்டு மணி நேரம் கழித்துத்தான் காட்டும். அது அவளுக்குத் தெரியாது.

மத்தியானம் மூன்று மணிக்கு, மூன்று நாளாகத் தண்ணீர் வராத ஒரு வீட்டுக்காரர் அவளைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். அப்போது கண்ணுக்குள் யாரோ மணலை அள்ளிப் போட்டதுபோல் இருந்தது. தேய்த்தாள். அதிகமானது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டத் தொடங்கியது. மூக்கும் சேர்ந்து ஒழுகியது. குரல் அடைத்துக்கொண்டது.

"முகவரி... சொல்லுங்க" என்றாள்.

அந்தப் பக்கம் சத்தம் நின்றது. "என்னம்மா, அழறீங்களா?"

"இல்லைங்க."

"நான் உங்களைச் சொல்லலம்மா. பொதுவாச் சொன்னேன். தண்ணி நாளைக்கு வந்தாக்கூடப் போதும்மா" என்று அவர் போனை வைத்துவிட்டார்.

தைலம் அக்கா இந்தப் பக்கம் திரும்பினாள். மூன்றாம் நம்பரின் முகம் முழுக்க நனைந்திருந்தது. தைலம் அக்கா தன் போனை வைத்துவிட்டு எழுந்து வந்து அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"அழுதுடு. அழுதுடுடி. நாலு மாசமா உள்ளயே வச்சிக்கிட்டு இருந்தியே."

"அக்கா, கண்ணு..."

"ஒண்ணும் சொல்லாத. எனக்குத் தெரியும். எங்கம்மா போனப்ப எனக்கும் ஆறு மாசம் கழிச்சுத்தான் வந்துச்சு."

மற்ற நாலு பேரும் கூடிவிட்டார்கள். ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தார். மேலதிகாரி தன் அறையிலிருந்து வெளியே வந்து, பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக அவள் தோளைத் தொட்டு, "வீட்டுக்குப் போங்கம்மா, ரெண்டு நாள் வர வேணாம்" என்றார். அவளால் கண்ணைத் திறக்க முடியவில்லை. ஆனால் எல்லோரும் தன்னைச் சுற்றி நிற்பது தெரிந்தது. அம்மா இறந்தபோது இவர்களெல்லாம் ஒரு மாலையோடு வந்து பத்து நிமிஷம் நின்றுவிட்டுப் போனவர்கள். இப்போது யாரோ அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்கள். இது வெல்டிங்கால் வந்தது என்று சொல்ல வாயெடுத்தாள். அந்தக் கை நின்றுவிடுமே என்று தோன்றியது. சொல்லவில்லை.

தைலம் அக்காதான் ஆட்டோ பிடித்து, கையைப் பிடித்து மூன்று மாடி ஏற்றிக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தாள். டீ போட்டுக் கொடுத்தாள். புட்டியைத் திறந்து நெற்றியில் தடவ வந்தபோது மட்டும் அவள் பதறிக் கையைத் தடுத்தாள். "கண்ணுக்கிட்ட வேணாங்க்கா. சொட்டு மருந்து வாங்கித் தாங்க, போதும்." மருந்துக் கடைக்குப் போய் வாங்கி வந்து ஊற்றிவிட்டு, ஈரத்துணியைக் கண்ணில் போட்டுவிட்டு, ஆறு மணிக்குத் தைலம் அக்கா கிளம்பினாள். அவளுக்கும் வீடு இருக்கிறது.

அன்று சாயங்காலமும் மறுநாள் பகலும் அவள் கண்ணைத் திறக்கவே இல்லை. சுவரைத் தடவிக் குளியலறைக்குப் போனாள். பாத்திரங்களை விரலால் எண்ணித் தம்ளரைக் கண்டுபிடித்தாள். மற்ற நேரமெல்லாம் படுத்தபடி, மேல்வீட்டில் நாற்காலி இழுபடுவதையும், மாடிப்படியில் யாரோ ஏறி, இரண்டாவது மாடியிலேயே நின்றுவிடுவதையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் காலடி மேலே வரும்போது கழுத்து தானாக வாசலுக்குத் திரும்பியது. அவள் ஆறரைக்கு வேலையிலிருந்து திரும்பும்போது அம்மாவின் முகம் எப்போதும் வாசலைப் பார்த்தே இருக்கும். ஆயாதான் அப்படித் திருப்பி வைத்திருக்கிறாள் என்று அவள் நினைத்திருந்தாள்.

மறுநாள் மத்தியானம் போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை இல்லை. ஆனாலும் அண்ணன்.

"உன் ஆபீஸ்லேருந்து ஒரு அம்மா பேசினாங்க" என்றார். குரல் வேறுமாதிரி இருந்தது. "நீ ரொம்ப அழுதியாமே."

அவள் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். "நான் வந்திருக்கணும்மா. ஒன்பது வருஷத்துல நாலே தடவைதான் வந்தேன். வந்தப்பவும் விருந்தாளி மாதிரி உக்காந்துட்டுப் போனேன். நீ ஒத்தையில தூக்கினே, புரட்டினே. எனக்குத் தெரியாம இல்ல. கேட்டா நீ ஏதாவது சொல்லிடுவியோன்னு பயந்துதான் சாப்பிட்டியா, சாப்பிட்டியான்னு கேட்டுக்கிட்டே இருந்தேன்."

ஒன்பது வருஷமாக அவள் காத்திருந்த பேச்சு. வந்தே விட்டது. ஆனால் அது அழுத ஒருத்திக்காக வந்த பேச்சு. அவள் அழவே இல்லை. வேறு யாருக்கோ வந்த தபாலைப் பிரித்துவிட்டதுபோல் அவளுக்கு உடம்பு கூசியது.

"பரவாயில்லண்ணா" என்று மட்டும் சொன்னாள்.

மூன்றாம் நாள் கண் தெளிந்தது. மாஸ்டரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவனுக்கு அன்று கொட்டாவி வரவில்லை. "எத்தனை தடவை சொன்னேன், கண்ணாடி இறங்காம குச்சி தொடக்கூடாதுன்னு. இன்னும் கொஞ்சம் பட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? உங்களுக்கு வீட்ல சொல்றதுக்கு யாரும் இல்லையா?"

"இல்ல சார்."

அவன் ஒரு பழைய குச்சியை எடுத்து, கையை மேஜையில் ஊன்றி, அசையாமல் வைத்து, தலையை மட்டும் வெடுக்கென்று ஆட்டிக் கவசத்தை விழ வைத்துக் காட்டினான். "கை நகரக்கூடாது. தலை மட்டும். ஒரு வாரம் நெருப்பே வேணாம், இதை மட்டும் பழகுங்க." அவள் பழகினாள். பஸ்ஸில் பழகினாள், சமையலறையில் கரண்டியைப் பிடித்துப் பழகினாள். அலுவலகத்தில் அவள் தானாகத் தலையாட்டிக்கொள்வதைப் பார்த்துத் தைலம் அக்கா மற்றவர்களிடம், "பாவம், இன்னும் தெளியல" என்றாளாம்.

தைலம் அக்கா அந்த நாட்களில் ஒரு டப்பாவுக்கு இரண்டு டப்பாவாகச் சாப்பாடு கொண்டுவந்தாள். அவளும் சாப்பிட்டாள். டப்பாவைத் திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் தைலம் அக்காவின் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

வகுப்பில் சேர்ந்த ஐந்தாம் மாதம் பரீட்சை. ஒட்டிய தகட்டிலிருந்து பட்டைகளை அறுத்து, அழுத்தும் இயந்திரத்தில் வைத்து லாடம்போல வளைப்பார்கள். விரிசல் விட்டால் போச்சு. பரீட்சை வேலை நாளில் வந்தது. லீவு கேட்கப் போனால் மேலதிகாரி காரணம் கேட்டார். அவள் உண்மையைச் சொன்னாள். கதவு திறந்திருந்தது. வெளியே வந்தபோது தைலம் அக்கா கையில் போனைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெல்டிங்கா?"

"ஆமாக்கா."

"அப்ப அன்னைக்கு?"

"வெளிச்சம் பட்டு கண்ணு சுட்டுடுச்சு."

"அம்மாவுக்காக இல்ல?"

"இல்லக்கா."

தைலம் அக்கா போனை எடுத்தாள். "வணக்கம், நான்காம் நம்பர் பேசுகிறேன்." ஒரு புகார், இரண்டு புகார், மூன்று. பிறகு இந்தப் பக்கம் திரும்பாமலே, "உங்க அண்ணனுக்கு வேற போன் பண்ணி நான் அழுதேனே" என்றாள்.

அதற்குப் பிறகு சாப்பாட்டு டப்பா வரவில்லை. பேச்சும் இல்லை. ஒரு அடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பேரும் ஊரில் உள்ள எல்லோரோடும் பேசினார்கள்.

பரீட்சையில் அவளுடைய பட்டை பாதி வளைவிலேயே பிளந்தது. அடிப்பக்கம் உருகி ஒன்றோடொன்று சேரவே இல்லை. மேலே மட்டும் அழகாக இருந்தது. நண்பர்கள் இருவரும் தேறி, சிரித்துக்கொண்டே போனார்கள். லாரிக்காரர் அவளிடம், "அடுத்த தடவை பாத்துக்கலாம் தங்கச்சி" என்று சொல்லிவிட்டுத் தன்னுடைய உடைந்த பட்டையைப் பையில் போட்டுக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கூப்பிட்டபோது, சாப்பிட்டியா என்று அவர் கேட்பதற்குள் அவள் சொல்லத் தொடங்கினாள். காலை வகுப்பு, கவசம், இருபது தடவை, மணல். "நான் அன்னைக்கு அழலண்ணா. அம்மாவுக்காக இன்னும் அழவே இல்ல. நீங்க சொன்னதை நான் வாங்கி வச்சுக்கிட்டேன். அது தப்பு."

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"நீ அழுதேங்கிறதுக்காக நான் அதைச் சொல்லலம்மா" என்றார் அண்ணன். "சொல்ல ஒரு சாக்கு கிடைச்சுது, சொன்னேன். அது அப்படியே இருக்கட்டும்." பிறகு, "கண்ணு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லாத் தெரியுது."

"வெல்டிங் பண்றவங்க அடுத்தவங்க வீட்டு இரும்பையும் பாப்பாங்களா? இங்க பால்கனிக் கம்பி ரொம்ப நாளா ஆடிக்கிட்டு இருக்கு."

"பிளேன் டிக்கெட் யார் எடுக்கிறது?" என்றாள். அவர் சிரித்தார். அவர் சிரித்து அவள் கேட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. பிறகு அண்ணி கூப்பிடும் சத்தம் கேட்டது, அவர் போனார்.

தைலம் அக்காவோடு பேச்சு திரும்ப ஆறு வாரம் ஆனது. அதுவும் பழையபடி இல்லை. ஒருநாள் அவள் கையில் பொறி பட்டுக் கொப்புளம் இருந்ததைப் பார்த்து, தைலம் அக்கா எதுவும் சொல்லாமல் புட்டியை அவள் பக்கம் தள்ளி வைத்தாள். தீக்காயத்துக்குத் தைலம் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் கொப்புளத்தைத் தொடாமல், அதைச் சுற்றிக் கொஞ்சம் தடவிக்கொண்டாள்.

இரண்டாம் தடவை பட்டை விரிசல் விடாமல் வளைந்தது. மாஸ்டர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தேறிட்டீங்க அக்கா" என்றான். சொல்லிக் கொண்டாட அன்று யாரும் இல்லை, லாரிக்காரர்கூட வரவில்லை. அவள் உடை மாற்றிக்கொண்டு நேரத்துக்கு வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

இப்போதும் திங்கள் முதல் வெள்ளி வரை அவள் மூன்றாம் நம்பர்தான். சனிக்கிழமைகளில் கதவும் ஜன்னல் கம்பியும் செய்யும் ஒரு பட்டறைக்குப் போகிறாள். அங்கே நாலு பேர். நல்லவர்கள்தான், ஆனால் அவள் வந்தால் கிண்டல் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார்கள். அதனால் மத்தியானம் அவள் வாசல் பக்கம், வெட்டிப் போட்ட இரும்புக் குழாய்கள்மேல் உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுகிறாள். போன வாரம் ஒரு பெரிய கேட்டில் கீல் வைக்கிற வேலையை முதல் தடவையாக அவளிடம் கொடுத்தார்கள். ஐந்து மணிக்கு மற்றவர்கள் கை கழுவப் போனார்கள்.

பட்டறைக்காரர் எட்டிப் பார்த்தார். "நேரமாச்சேம்மா. மீதியைத் திங்கக்கிழமை எங்க ஆளு பாத்துக்குவான்."

"கீழ்க் கீல் ஒண்ணுதாங்க பாக்கி. முடிச்சுட்டே போறேன்" என்றாள் அவள்.

அவர் உள்ளே போய் அவளுக்காக விளக்கைப் போட்டுவிட்டு, கணக்கு மேஜையில் உட்கார்ந்து பேப்பர் படிக்க ஆரம்பித்தார். அவள் குனிந்து, கீல் உட்கார வேண்டிய இடத்தைச் சாக்கட்டியால் குறித்துக்கொண்டாள்.